அப்பா கிழித்த ராஜாக்கள்

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. கேட்டதும் கொடுத்தால் மதிப்பில்லை. அதனால் முதலில் அழுகை.

என் அப்பா ஞானசிகாமணிக்குப் போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம். சபையே கூடி விருந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு, அந்த வருஷ நாடகத்தைத் தானே எழுதுவதாகப் போதகரிடம் சொல்லிவிட்டார். கடைவீதி முழுக்கவும் சொல்லிவிட்டார். இனி எழுதாவிட்டால் கடை திறக்க முடியாது.

எழுதினார். ராஜா ஒருவர் பக்கம் பக்கமாக அழுதார். அரிசி புடைத்தபடியே அம்மா கேட்டாள்.

"ஏங்க, ராஜா எதுக்கு அழுகுறாக?"

"நாடு போச்சுல்ல!"

"நாடு போனா படையத் திரட்டணும். மூக்கச் சிந்துனா வந்துருமா?"

"ஒனக்கு என்ன புள்ள தெரியும்? இலக்கியம்னா அழுகணும்!"

"நீங்க படிக்கிறப்ப எனக்கும் அழுகதான் வருது."

அப்பா தாளைக் கிழித்தார். அடுத்த ராஜா காட்டுக்குப் போனார். கிழிந்தார். அதற்கடுத்தவர் துறவியாகி அடுப்புக்குள் போனார். ஒவ்வொரு ராஜாவுக்கும் வீட்டில் ஒரு சண்டை. ராஜாக்கள் சவசவ. சண்டைகள் பிரமாதம்!

எனக்கு எவர் குரலும் வரும். கூடலூர் ஜீப் டிரைவர், போதகர், எல்லாரும் என் தொண்டையில் குடியிருந்தார்கள். அப்பா கடைக்குப் போனதும், முந்தின நாள் சண்டையை அவர் குரலில் பேசுவேன். அம்மா எழுதுவாள். நான் விட்டதை அவள் சேர்ப்பாள். அவள் தனக்குச் சாதகமாகத் திருத்தியதை நான் அடிப்பேன்.

பண்டிகைக்கு முந்தின நாள், தோல்வியை ஒப்புக்கொள்ள அப்பா போதகரிடம் போனார். அவர் முந்திக்கொண்டார்.

"ஒங்க நாடகம் வயித்தப் புண்ணாக்கிருச்சுய்யா! வீட்டம்மா கொண்டாந்து குடுத்தாக."

அப்பா நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு வந்தார்.

"கிழிச்சத எடுத்து ஒட்டிட்டியாக்கும்?"

"அம்புட்டும் நீங்க சொன்னதுதாங்க" என்றாள் அம்மா.

மறுநாள் முன்வரிசையில் மாலையோடு அப்பா, பக்கத்தில் அம்மா. மேடையில் மீசை வரைந்து, மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு நான்.

"உப்பில்லாத கொழம்பத் தின்னுட்டு எவனால காவியம் எழுத முடியும்?"

சபை உருண்டது. எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் அப்பாதான்.

"சரியான வெட்டிப்பய! எப்பிடி எழுதிருக்கேன் பாத்தியா?"

நான் மூக்குக்கண்ணாடியை மெல்ல நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதையே மேடை முழுக்கத் தேட ஆரம்பித்தேன்.

அப்பாவின் கை தன் நெற்றிக்குப் போனது. அங்கே கண்ணாடி இருந்தது. சிரிப்பு நின்றது.

"பாக்கியம்…" என்றார் அம்மாவிடம் மெதுவாக. "அந்த ஆளு நம்ம வீட்லயா குடியிருக்கான்?"