ஏழாவது கோடு

ஏழாவது கோடு கோணலாக இருந்தது.

நோட்டுப் புத்தகத் தொழிற்சாலையில் கோடு போடும் பிரிவின் மேற்பார்வையாளர் அவர். அவர் வீட்டுச் சுவரிலேயே இந்த அநியாயம். பழைய துணிகளைக் கூழாக்கி மனைவி செய்த காகிதம் கதவளவுக்குத் தொங்கியது. நீல நூலில் கோடுகள், ஓரத்தில் சிவப்பு நூலில் மார்ஜின். பார்த்தால் நோட்டுத் தாள். கேட்டால் கலையாம். நாளைய கண்காட்சியில் இது தேறினால்தான் அவளுக்கு அடுத்த வருஷம் தனிக் கண்காட்சி.

"நான் முன்னாடி போறேன். வேன் வந்து எடுத்துக்கும். நீங்க அதை மட்டும் தொட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அவர் எங்கே தொட்டார்? ஏழாவது நூலின் நுனியை லேசாக இழுத்தார், அவ்வளவுதான். கோடு நேரானது. காகிதம் சுருங்கிக்கொண்டது.

தலையில் அடித்துக்கொண்டு அதை மேசையில் விரித்து இஸ்திரி போட்டார். சுருக்கம் போய்விட்டது. போன இடத்தில் பழுப்பாக ஒரு முக்கோணம் உட்கார்ந்திருந்தது.

போன் அடித்தது.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் மனைவி.

"சும்மாதான் இருக்கேன்."

"அதுகிட்ட போகலையே?"

"நான் எதுக்குப் போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

"இல்லை. அதான் கேக்கறேன்."

ஈரத்துணியால் கருகலைத் துடைத்தார். கருகல் அசையவில்லை, சிவப்பு நூல்தான் சாயம் விட்டது. மார்ஜினே மார்ஜினைத் தாண்டி ஓடியது. அதை ரப்பர் வைத்துத் தேய்த்தார். காகிதம் நனைந்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. விரல் மறுபக்கம் போய்விட்டது.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மாதக்கணக்காகக் கூழும் கையுமாக நின்றவள். வருகிற வேனையாவது காணோம், வந்து தொலைத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்குமா?

நோட்டு முதுகில் ஒட்டும் கறுப்புத் துணிப்பட்டை வீட்டில் இருந்தது. அதை ஓட்டையின் மேல் ஒட்டினார். நேராகத்தான் ஒட்டினார், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. பசை கசிந்து, அடியில் விரித்திருந்த செய்தித்தாளும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது.

வாசல் மணி அடித்தது. ஒருவழியாக வேன் டிரைவர்.

"தம்பி, என் புத்தி சரியில்லைப்பா. வண்டி குலுங்கினதுல இப்படி ஆயிடுச்சுன்னு அவங்ககிட்ட சொல்லிடேன்" என்று கெஞ்சினார்.

டிரைவர் மேசையைச் சுற்றி வந்தான். கருகலைப் பார்த்தான், சாயத்தைப் பார்த்தான், பட்டையைத் தடவிப் பார்த்தான். அவன் முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி.

"போன வருஷம் அம்மா செஞ்சதை, சொன்ன நேரத்துக்கு வந்து, அப்படியே அலுங்காம எடுத்துட்டுப் போயிட்டேன் சார். 'அவர் இன்னும் கையே வைக்கலை, பாதி வேலையில உன்னை யாருய்யா தூக்கிட்டு வரச் சொன்னது'ன்னு அம்மா என்னைக் கிழிச்சுட்டாங்க."