பிளக்கைப் பிடுங்கிய அப்பா

அப்பாக்களில் எத்தனையோ ரகம் உண்டு. இது 'எல்லாம் என்னால்தான்' ரகம். கொரியாவில் கணினி விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கும் சமாச்சாரமாக மட்டும் இருந்தவரை இந்த இனம் கண்ணில் படவில்லை. அதற்கும் அரங்கம், அணி, மெடல் என்று வந்ததுதான் தாமதம், ஈசல் மாதிரி கிளம்பிவிட்டார்கள்!

சுவோன் நகரத்துச் சலவைக்கடைக்காரர் பியோ கி-சொக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மகன் ஹா-ராம் பள்ளியில் படித்தபோது, தெருமுனைக் கணினி மையத்துக்குள் புகுந்து, ஒரு கையில் மவுஸும் மறு கையில் நூடுல்ஸ் கிண்ணமுமாக இருந்த பிள்ளையைக் காதைத் திருகி இழுத்து வந்தவர், வீட்டில் பிளக்கைப் பிடுங்கியவர், பிடுங்கிய ஒயரை அரிசி டப்பாவுக்குள் புதைத்தவர். "உருப்படவே மாட்டே!" என்று வாழ்த்தியவரும் அவரே.

ஒருநாள், சலவைக்குப் போட்ட துணியை வாங்க வந்தவர் சொன்னார்: "ஆசிய விளையாட்டுப் போட்டில இதுக்கும் தங்கம் உண்டாம். ஜெயிச்சா, எல்லாப் பையன்களும் போயே ஆகணுங்கற பட்டாளத்துக்குக்கூடப் போக வேண்டாமாம்!"

அவ்வளவுதான். மறுநாளே கடைக்கு வருகிறவரையெல்லாம் பிடித்துக்கொண்டார். "ஹா-ராமுக்கு அவ்வளவு பொறுமை எப்படி வந்துச்சுங்கறீங்க? பாதி ஆட்டத்துல பிளக்கைப் புடுங்கிப் புடுங்கி நான்தான் பழக்கினேன்!"

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி ஓக்-ரான் தலை நிமிராமலே சொன்னாள்: "ஆமாமா. அரிசிக்குள்ள ஒயரைத் தேடினதும் பயிற்சிதான்."

இப்போது மகனின் நாற்காலிக்குப் பின்னால் நின்று யோசனை சொல்வதே அவர் வேலை. "இடது பக்கம் போடா! அடி, அடி!" அரைமணி நேரம் கத்திவிட்டுக் கேட்பார்: "இதுல நம்ம ஆள் எதுடா?"

ஹா-ராம் ஆடிய போட்டித் தொடரின் இறுதிப் போட்டி வந்தது. ஜெயித்தால் ஹா-ராமுக்குப் பெரிய அணியில் இடம்; தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஆளுக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்தாயிற்று. கடைசி ஆட்டம். எதிராளி புதருக்குள் பதுங்கியிருப்பது பார்வையாளர்களின் பெரிய திரையில் மட்டும் தெரிந்தது. நம்மவருக்குப் பொறுக்குமா? நாற்காலி மேல் ஏறினார்.

"ஹா-ராம்! புதர்ல இருக்கான்டா!"

நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். இன்னொரு சத்தம் வந்தால் ஹா-ராம் தோற்றதாக அறிவிப்பேன் என்றார். பையன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மேடை விளிம்புக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். வெளியே போயிடுங்க."

போனார். பாவம், கதவுக்கு வெளியே நின்ற அந்தப் பத்து நிமிடம் அவர் பட்ட பாடு! உள்ளே கூட்டம் கத்தும்போதெல்லாம் கதவில் காதை வைத்தார். அது யாருக்கான கத்தல்? வாயைத் திறந்தார், கையால் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. என் வாயாலேயே பிள்ளையைக் கெடுத்துவிட்டேனே என்று மனதார நொந்துகொண்டார். சத்தியமாக நொந்தார்.

கதவு திறந்தது. ஹா-ராம் ஜெயித்துவிட்டான்!

நிருபர் ஓடிவந்து மைக்கை நீட்டினாள். "ஐயா, ஆட்டம் எங்கே திரும்புச்சு?"

கி-சொக் கண்ணைத் துடைத்தார், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "சரியான நேரம் பார்த்து நான் வெளியே வந்தேன் பாருங்க, அங்கதான்!"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நேற்று உங்கள் பிள்ளையை எதற்கோ திட்டினீர்களே, அதை மட்டும் யாரிடமும் சொல்லிவைக்காதீர்கள். நாளைக்கு அவன் அதிலேயே ஜெயித்துவிட்டால், பேட்டி கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.