கொடுங்கை சார்

மழை எப்படிப் பெய்ய வேண்டும் என்று மேகத்துக்கே பிளான் போட்டுக் கொடுக்கக்கூடியவர் திண்டிவனத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் கொடுங்கை சார்.

எண்பதுகளில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் வீட்டு பிளான் வரைந்து கொடுக்கும் கடை. அங்கே நான் டைப்பிஸ்ட், அவர் டிராஃப்ட்ஸ்மேன். ஊரெல்லாம் ஜன்னலுக்கு மேலே 'சன்ஷேடு' என்று எழுதிக்கொண்டிருக்க, இவர் மட்டும் அங்கே ஒரு வளைவு போட்டு 'கொடுங்கை' என்று எழுதுவார்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அடுக்க ஒரு கொட்டகைக்கு பிளான் கேட்டு வந்த விவசாயி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இன்னா சார் இது, சாமி பேரா?" என்றார்.

"சொன்னா புரியாது. கெளம்புங்க."

சார் அவரை மயிலத்துக்கு பஸ் ஏற்றி, மலைக்கோயிலுக்குக் கூட்டிப் போய், குடையால் சுட்டிக் காட்டினார். "தூணுக்கு மேல பாருங்க. கூரை ஓரம் வளைஞ்சி முன்னால வந்து எறங்குதே, அதான் கொடுங்கை. மழத்தண்ணி செவுத்தத் தொடாம தள்ளிப் போயி வுழும். உங்க சன்ஷேடு தட்டையா நீட்டிக்கினு நிக்குது. தண்ணி அதும்மேல குடித்தனமே பண்ணுது!"

விவசாயி மொட்டைத் தலையோடு திரும்பினார். "முருகன் கூப்ட்டாரு, போனேன். கொட்டாய அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று விபூதி கொடுத்துவிட்டுப் போய்விட்டார். முதலாளிதான் தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு கிளியனூர் டீச்சர் வந்தார். குடியிருந்த வாடகை வீட்டைத் தை மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் சொந்த மனையில் கடக்கால் தோண்டி அஸ்திவாரம் போட்டே ஆகவேண்டும். பிளான் அனுமதிக்கு விழுப்புரத்தில் ஒரு ஆபீசுக்குப் போனது. 'கொடுங்கை என்றால் என்ன? விளக்கம் தேவை' என்று சிவப்பு மையோடு திரும்பி வந்தது.

சார் மகிழ்ந்துபோய் நான்கு பக்கம் விளக்கம் எழுதினார். ராத்தூக்கம் போனது எனக்குத்தான், டைப் அடித்தவன் நான். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: 'விளக்கத்தில் குறிப்பிட்டுள்ள வலபி என்றால் என்ன? விளக்கம் தேவை.'

கொடுங்கைக்குக் கீழே வரும் சிற்ப வரிசைக்கு வலபி என்று பெயராம். சார் அடுத்த நான்கு பக்கத்துக்குப் பேனாவைத் திறந்துவிட்டார். முதலாளி கத்தினார். "யோவ், அந்தம்மாவ பேஜாரு பண்ணாத! சன்ஷேடுன்னு மாத்திக் குடு!"

"மாத்த மாட்டேன். வேணும்னா என்னை மாத்துங்க."

அன்று டீச்சரும் அங்கே இருந்தார். சண்டை போட வந்தவர்தான். ஆனால், "மழ வந்துட்டா கடக்கால் போட முடியாது. தை பொறந்தா நாங்க எங்க போறதுங்க சார்?" என்று மட்டும் கேட்டார்.

சார் பேனாவை மூடினார். பிறகு பாதி பிளேடை எடுத்து, டிரேசிங் பேப்பரில் இருந்த அந்த வார்த்தையை எழுத்தெழுத்தாகச் சுரண்டினார். மைத்தூளை ஊதிவிட்டு 'சன்ஷேடு' என்று எழுதினார். அதிலும் அழகான எழுத்து.

"வார்த்த எங்கியும் போய்டாது டீச்சர். நீங்க வூட்ட கட்டிக்கினு நல்லா இருங்க."

எட்டே நாளில் அனுமதி வந்தது. டீச்சருக்குக் கொடுக்க வேண்டிய பிரதியை மடித்துக்கொண்டிருந்தேன். நான்கு வருஷமாக அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் நான். அன்று யாரும் பார்க்காதபோது பென்சிலை எடுத்து, பிரதியின் பின்பக்கம் 'கொடுங்கை' என்று எழுதி வைத்தேன். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.