அண்ணாச்சி மேல் பெய்த மழை

வெயில் என்று ஒன்று இருப்பதையே ஒத்துக்கொள்ளாமல் கோவில்பட்டியில் வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் எங்கள் தெரு ஏசி அண்ணாச்சிதான். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. தொண்ணூறுகளில் தெருவின் முதல் ஏசி அவர் வீட்டில்தான் வந்தது. அதற்குப் பிறகு அவர் வியர்த்து யாரும் பார்த்ததில்லை.

முடிவெட்டுகிறவர் அந்த ஏசி அறைக்கே வர வேண்டும். வாசலிலிருந்து கார் வரை நாலு எட்டு. அதற்கும் டிரைவர் குடை பிடிப்பார். கழுகுமலைக்குப் போனாலும் காருக்குள்ளிருந்தே கும்பிடு.

"இறங்குங்க அண்ணாச்சி" என்றால், "ஏன், முருகனுக்குக் கண்ணாடி வழியாக் கண்ணு தெரியாதாக்கும்?" என்பார்.

கரண்டு போனால் மட்டும் வாளித் தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு உலகத்தையே திட்டுவார்.

பிள்ளையில்லாத அவருக்கு என் மகள் என்றால் உயிர். அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு கோடை விடுமுறை முழுக்க அந்தக் குளிரறையில் இருவரும் கேரம் ஆடினார்கள். "வெயில்ல எதுக்குப் பிள்ளைய அலையவிடுதிய? இங்கனயே இருக்கட்டும்" என்பார். எனக்கும் நிம்மதி.

பள்ளி திறந்து விளையாட்டு விழா வந்தது. அண்ணாச்சியும் வந்தார், மைதான ஓரத்தில், கார் கண்ணாடிக்குள். அணிவகுப்பில் நின்ற மகள் துணி போலச் சரிந்தாள். நான் எழுவதற்குள் கார் கதவு திறந்தது. கரிசல் புழுதியில் செருப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம் பறக்க ஓடி, அண்ணாச்சி அவளை அள்ளி வந்து காரில் கிடத்தினார். நானும் மனைவியும் டீச்சரும் ஏறியதும் அவருக்கு இடமில்லை.

"ஏலே, என்னைய என்ன பாக்க? வண்டிய எடு! நான் நடந்து வாரேன்!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். "வெயிலே காட்டாம வளர்த்தா உடம்பு எப்படிப் பழகும்? இனிமே கொஞ்சங்கொஞ்சமாப் பழக்குங்க. இப்ப பயமில்ல" என்றார். பயமில்லையாம்! அவள் கல்லூரிக்குப் போகும் இந்த வயதிலும், வெயிலில் இறங்கினால் குடையோடு பின்னாலேயே ஓடுகிறேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் அண்ணாச்சி. வெறுங்கால். சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும். மகள் கண் விழித்து அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பெரியப்பா, வெளிய மழையா?"

"ஆமாட்டி. எனக்கு மட்டும்."

வானம் பார்த்த பூமிக்காரன் நான். அதைவிட நல்ல மழையை இன்றுவரை பார்க்கவில்லை.