தலைவர் திறந்து வைத்த கோப்பு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியான மாபெரும் நிகழ்ச்சி, புதுச்சத்திரம் வட்டாரக் கோழிக்குஞ்சு நல முன்னேற்றச் சங்கம் ‘முழுக் கணினிமயம்’ ஆனதுதான். அதற்கு முன்பெல்லாம் குளிர்பெட்டியைத் திறந்து தடுப்பு மருந்தை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும் காட்டுமிராண்டித்தனம் அங்கே நிலவியது. இப்போது கணினி சீட்டு அச்சிட்டால்தான் மருந்து. வெளிக்கடையில் வாங்கினால் உறுப்பினர் பதவி போய்விடும். நாகரிகம் என்றால் சும்மாவா?

சீட்டுப் போடுவது தனப்பிரியாவின் வேலை. பகலில் சங்கம், மாலையில் கணினி வகுப்பு. அந்தத் திங்கட்கிழமை காலை, சங்கத்தின் மென்பொருள் தன் தரவுக் கோப்பைத் திறக்க மறுத்தது. ‘இக்கோப்பை வேறொரு பயனர் திறந்து வைத்திருக்கிறார்’ என்று ஒரு பெட்டி திரையில் வந்தது. பிழைச் செய்தி வந்தால் முதலில் முழுதாகப் படியுங்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். படித்தாள். அந்த வேறொரு பயனர் நாம்தானோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அப்போதும் வேறொருவர்தான்.

எதிரே, மருந்து வாங்க வந்த கோழிப்பண்ணைக்காரர் வெள்ளியங்கிரி நின்றிருந்தார். பக்கத்துப் பண்ணையில் வெள்ளைக்கழிச்சல் வந்து குஞ்சுகள் சாய ஆரம்பித்துவிட்டன. இன்றே சொட்டு மருந்து விட்டால் இவருடையவை பிழைக்கும்.

“ஏனுங்க அம்மிணி, மருந்துதான் கண்ணாடிக்குள்ள தெரியுதுங்களே. எடுத்துக் குடுத்தா நாம்பாட்டுக்குப் போயிருவேனுங்க.”

கையால் சீட்டு எழுதலாமா என்று அவள் செயலாளர் நவநீதகிருஷ்ணனைக் கேட்டாள். கையெழுத்து முறைகேட்டுக்கு வழிவகுக்கும் என்று எச்சரித்த அவர், உடனடியாக ‘கோப்புத் திறப்பு அவசரக் குழு’வை அமைத்தார். குழு போர்க்கால வேகத்தில் இயங்கியது. முதலில் டீ வந்தது. பிறகு ஒயர்களைப் பிடுங்கிச் சொருகினார்கள். கணினியைக் கிழக்குப் பார்க்கத் திருப்பினார்கள். எலுமிச்சம்பழம் அறுத்து இரண்டு பக்கமும் வைத்தார்கள். பிழைப் பெட்டி நட்டநடுவே நிற்பதுதான் கோளாறு என்று ஓர் உறுப்பினர் கண்டுபிடித்து, அதைத் திரையின் ஓரத்துக்கு இழுத்துவிட்டார். ‘குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’ என்று தீர்மானப் புத்தகத்தில் ஏறியது.

மதியத்துக்கு மேல் சேலத்திலிருந்து மென்பொருள்காரர் அஃப்தாப் வந்தார். வந்த வேகத்தில் அந்த வேறொரு பயனரைக் கண்டுபிடித்துவிட்டார். தலைவர் குமரகுருவின் அறையில் புதுக் கணினி ஒன்று மாலையும் சந்தனமுமாக வீற்றிருந்தது. முதல்நாள் வளர்பிறை முகூர்த்தத்தில் தலைவர் தம் கையாலேயே அதில் கோப்பைத் திறந்திருந்தார். மூடவில்லை.

“ஒரு நிமிஷம் மூடுங்க சார். இவங்க சீட்டுப் போட்டதும் திரும்பத் திறந்துக்கலாம்” என்றார் அஃப்தாப்.

தலைவர் காதைப் பொத்திக்கொண்டார். “தொழிலத் தொறந்த மறுநாளே மூடச் சொல்றீங்களே தம்பி. அதும் குளிகை நேரத்துல. இப்ப மூடுனா மறுக்கா மறுக்கா மூட வேண்டி வந்துருமுங்க.”

தனப்பிரியா தயங்கித் தயங்கி, “குளிகை மூணு மணிக்கு முடிஞ்சிருமுங்க ஐயா. அப்ப மூடலாங்களா?” என்றாள்.

“பஞ்சாங்கத்துல தொறக்கத்தான் நல்ல நேரம் போட்டிருக்குது. மூடறதுக்கு எங்க போட்டிருக்குது?”

“குஞ்செல்லாம் செத்துப்போயிருமுங்க ஐயா.”

“நல்ல காரியம் நடக்கற எடத்துல அபசகுனமாப் பேசாத சாமி.”

மாலைக்குள் குழு பிழையைக் களைந்தது. திரையில் இனி ‘வேறொரு பயனர்’ என்ற மரியாதைக் குறைவு கூடாது. ‘மாண்புமிகு தலைவர் திறந்து வைத்திருக்கிறார்’ என்று வரவேண்டும். அஃப்தாப் மாற்றிக் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். வெள்ளியங்கிரி வெறுங்கையோடு வண்டியைக் கிளப்பினார்.

அந்த வாரக் கடைசியில் அவர் கொட்டகையில் சத்தமே இல்லை. இறப்பைப் பதிவு செய்ய தனப்பிரியா உட்கார்ந்தாள். கோப்பு திறக்கவில்லை. ஆகவே சங்கக் கணக்கில் இன்றுவரை ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. ‘இறப்பே இல்லாத சங்கம்’ என்று ஆண்டு விழாவில் கேடயம் கொடுத்தார்கள்.

வெள்ளியங்கிரியின் குஞ்சுகளைக் கொன்றது யார் என்று யாராவது கேட்டால் தேடி அலைய வேண்டாம். கேடயத்தில் பெயர் பொறித்திருக்கிறது.