அவரைப் பந்தலில் ஒரு கோடு

என்னைப் பெற்ற அப்பச்சி ஒன்று சொல்வார்கள். “பொம்பளை வச்ச செடிக்குப் பக்கத்துல நீயும் செடி வச்சா…” என்று ஆரம்பிக்கும். முடிவு மறந்துவிட்டது. விஷயமே முடிவில்தான் இருந்திருக்கிறது.

தமிழிலும் இங்கிலீஷிலும் படித்து, கடல் கடந்து ஈப்போவில் ஆபீஸ் உத்தியோகம் பார்த்து, நாற்பத்தெட்டு வயதில் காரைக்குடிக்குத் திரும்பியவன் நான். திரும்பியதும் சபதம் எடுத்தேன். கிணற்றடியில் என் சாய்வு நாற்காலியைப் போட்டு, மிச்ச ஆயுளைச் சிந்தனையில் கழிப்பது. அந்த இடத்தில் என் மனைவி கண்ணம்மையின் அவரைப் பந்தல் இருந்தது.

“பந்தலைப் பிரிச்சிருவோம்.”

“பிரிச்சா பொங்கலுக்கு அவரைக்காய்?”

“சந்தையில வாங்கிக்கிறது.”

“ஏன், நீங்களே வெளைய வச்சுக் காட்டுங்களேன். இந்தா, நடுவுல கயிறு கட்டுறேன். அங்குட்டு ஒங்களுக்கு, இங்குட்டு எனக்கு. பொங்கலுக்கு ஒங்க பக்கம் காய் கூட இருந்தா, நானே பந்தலைப் பிரிக்கிறேன். இல்லாட்டி, காலமெல்லாம் நீங்கதான் தண்ணி எறைக்கணும்.”

சிரித்தேன். யூரியா புதுப்பவிசோடு ஊருக்குள் வந்திருந்த காலம் அது. திருப்பத்தூர் போய் ஒரு மூட்டை வாங்கி வந்தேன்.

அவளோ விதையைக் கஞ்சியில் பிசறி, ஏதோ கறுப்புத் தூளில் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன அது, சாம்பலா?”

“அப்படித்தான் வச்சுக்கங்க.”

மறுநாள் காலை கிணற்று மேட்டில் ஒரு பொட்டலம் கிடந்தது. பல்பொடி என்று நினைத்து நன்றாகத் தேய்த்தேன். கொஞ்சம் மண்வாசனை. கண்ணம்மை பார்த்தாள். கொப்பளிக்கச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

யூரியா தின்ற என் அவரை என்ன வளர்த்தி! இலை ஒவ்வொன்றும் யானைக்காது. ஓட்டில் ஏறி, அடுத்த வீட்டு மெய்யநாதன் காயப்போட்ட வேட்டியைச் சுற்றிக்கொண்டு தர மறுத்தது.

“பாவம், இன்னும் பசிக்குது போல. ரெண்டு பிடி போடுங்க,” என்பாள். போடுவேன்.

“ஒரே இருட்டா இருக்கு. தழையைக் கொஞ்சம் கழிச்சு விடட்டுமா?” என்பாள். பெருந்தன்மையாகச் சம்மதிப்பேன். தினம் ஒரு கட்டு கழிப்பாள்.

மார்கழி வந்தது. அவள் பக்கம் கொத்துக் கொத்தாகப் பூ. என் பக்கம் இலை. அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அவள் செடி ஒன்றைப் பிடுங்கினேன். வேரெல்லாம் குட்டிக் குட்டியாகக் கட்டி! நசுக்கினால் உள்ளே சிவப்பு. என் செடியைப் பிடுங்கினேன். வேர், குழந்தை கன்னம் மாதிரி வழவழ. ஆகா, வியாதிச் செடி! அதில் காய்ப்பது போட்டியில் சேராது.

தீர்ப்புச் சொல்ல விவசாய ஆபீசர் அழகுசுந்தரத்தைக் கையோடு கூட்டி வந்தேன். இரண்டு வேரையும் கண்ணம்மை முன்னாலேயே காட்டினேன்.

“வியாதி இல்லீங்க ஐயா, குடித்தனம்,” என்றார் அவர். “உள்ள பாக்டீரியா இருக்கு. காத்துல இருக்க தழைச்சத்தைப் பிடிச்சுச் செடிக்குக் குடுக்கும். செடி அதுக்குச் சர்க்கரை குடுக்கும்.”

“என் செடி ஏன் குடி வைக்கலை?”

“நீங்கதான் யூரியாவை ஊட்டி ஊட்டி விட்டுட்டீகளே! ஒக்காந்த எடத்துல சோறு வந்தா எது மெனக்கெடும்? தழைச்சத்து மிஞ்சினா இலையா விட்டுக்கிட்டே இருக்கும். பூக்கணும்கிற நெனப்பே வராது.”

“இவள் செடிக்கு மட்டும் அது எப்படி வந்துச்சு?”

“நான்தானே ஆடி மாசம் விதையில புரட்டச் சொல்லி ஆச்சிக்குப் பொட்டலம் குடுத்தேன். கறுப்புத் தூள். ஒரு சிட்டிகையில கோடிக்கணக்குல உசுரோட இருக்கும்.”

என் நாக்கு தானாகவே பல்லைத் தடவியது.

“பயப்படாதீக,” என்றாள் கண்ணம்மை. “ஒங்க வாயில காத்துக்குக் கொறைச்சல் இல்லை. அதுக பொழச்சுக்கும்.”

ஆபீசர் இருமினார். அது இருமல் இல்லை.

“அது கிடக்கட்டும். கழிச்ச தழையெல்லாம் எங்கே?”

தொழுவத்தில் பசு கத்தியது.

“அங்குட்டுத்தான். வேளைக்கு அரைப்படி கூடக் கறக்குது. பொங்கலுக்குக் காய்க்கு என் பக்கம், பாலுக்கு ஒங்க பக்கம். பின்ன எதுக்கு நடுவுல கயிறு கட்டினேங்கிறீக?”

சாய்வு நாற்காலியை மெய்யநாதனுக்குக் கொடுத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டேன்.