துணைத் தேர்வு

மருத்துவ மாணவர்களுக்கும் வாழ்க்கை என்று ஒன்று உண்டு என்பதை மேலிடம் திடீரென்று கண்டுபிடித்தது. இது எப்படி நேர்ந்தது என்று தெரியவில்லை. இப்போது எங்கே திரும்பினாலும் 'வாழ்க்கைச் சமநிலை' என்கிறார்கள். ஜவுளிக்கடை விளம்பரத்தில்கூட வந்துவிட்டது. மேலிடம் மட்டும் சாய்ந்து கிடந்தால் நன்றாகவா இருக்கும்? ஆகவே ஒரு சுற்றறிக்கை புறப்பட்டு, தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே படித்த டாக்டரிடம் நாளைக்கு நாமே ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

சுற்றறிக்கையின் உயிரான வாக்கியம் இது: "மாணவர்கள் வார இறுதி நாள்களில் துணைத் தேர்வை முடித்து, அதன்பின் அருகிலுள்ள சுற்றுலாத் தலங்களுக்குச் சென்று, படிப்புக்கும் வாழ்க்கைக்கும் இடையே சமநிலை பேணுமாறு ஆவன செய்யப்பட வேண்டும்."

முதல்வர் டாக்டர் சண்முகசுந்தரி இதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். நல்ல இருதய மருத்துவர். ஆனாலும் புரியவில்லை. அலுவலகக் கண்காணிப்பாளர் பாலசுப்பிரமணியனைக் கூப்பிட்டார்.

"துணைத் தேர்வுன்னா ஃபெயிலானவங்க மறுபடி எழுதுற பரீட்சைதான சார்?"

"தலைப்பைப் பாருங்க மேடம். வாழ்க்கைச் சமநிலை. வாழ்க்கையில துணைன்னா யாரு? பரீட்சையா? துணையைத் தேர்வு செய்யுறது, துணைத் தேர்வு. ஒற்றும் மிகுந்திருக்கு. ஆகவே சந்தேகமே இல்ல."

"ரெண்டு அர்த்தத்துக்கும் ஒற்று மிகும்லா?"

"அதான் சொல்லுதேன். எப்படிப் பார்த்தாலும் மிகுது."

"மேலிடத்தையே ஒரு வார்த்தை கேட்டுருவோமா?"

பாலசுப்பிரமணியன் பதறிப்போனார். "கேட்டா நமக்குத் தெரியலைங்கிறது அவங்களுக்குத் தெரிஞ்சிரும் மேடம்."

இதற்கு மேல் யாரும் வாதாட முடியாது. மாணவர் அனைவரும் துணை தேடி, சுற்றுலா சென்று, அதில் தேர்ச்சி பெற வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. தேறாதவர்கள் அடுத்த ஆண்டு வகுப்புக்குப் போக முடியாது.

இதைப் படித்து ஆனந்தக் கூத்தாடியவன் மூன்றாம் ஆண்டு இசக்கிமுருகன். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் வயல் வேலை பார்க்கும் குடும்பத்துப் பையன். வகுப்பின் முதல் மாணவி சித்ரலேகாவை அவன் காதலித்தான். அவளும் அவனைக் காதலித்தாள். அவள் பாளையங்கோட்டைக்காரி, அப்பா பெரிய அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் ஊருக்குப் போவதாகச் சொல்வான். அவள் நூலகத்துக்குப் போவதாகச் சொல்வாள். இருவரும் பாபநாசம் பஸ்ஸில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து போவார்கள். படித்துறையில் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு, மீன் வந்து கடிக்கக் கடிக்க, கல்லீரல் வீக்கத்துக்கான காரணங்களை அவள் கேட்பாள். அவன் சரியாகச் சொன்னால் முந்திரிக்கொத்து கிடைக்கும். தப்பாகச் சொன்னாலும் கிடைக்கும், கொஞ்சம் திட்டோடு. இப்படித்தான் அவன் அந்தப் பாடத்தில் தேறினான்.

படிப்பு, காதல், ஊர்சுற்றல் மூன்றும் ஒரே பஸ் டிக்கெட்டில் முடிந்துகொண்டிருந்தன. அதற்குச் சமநிலை என்று பேர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்ததும் கெட்டது.

இசக்கிமுருகன் அலுவலகத்துக்கு ஓடினான். "சார், என் துணை சித்ரலேகா. எழுதிக்கோங்க."

பாலசுப்பிரமணியன் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, பரீட்சையில கேள்விய நீயா தேர்ந்தெடுக்குத?"

"இல்ல சார்."

"அது மாதிரித்தான் இதுவும். துணைய அலுவலகம் வரிசை எண்படி ஒதுக்கும். உனக்கு அடுத்த எண் இசக்கிச்செல்வி. பேருகூடப் பொருந்தி வருது பாரு. போயிட்டு வா."

"சார், எங்க ரெண்டு வீட்டுக்கும் ஒரே குலசாமி. அவ எனக்குத் தங்கச்சி முறை!"

"முறை கிறையெல்லாம் அலுவலகம் பார்க்காது தம்பி. எண்தான் பார்க்கும்."

வாசலிலேயே இசக்கிச்செல்வி நின்றிருந்தாள். "அண்ணே, நீங்கதான் எனக்குத் துணையாமே. எங்கம்மா கேட்டா என்னண்ணே சொல்லுதது?" என்று கண் கலங்கினாள். சித்ரலேகாவுக்கு ஒதுக்கப்பட்டவன் இசக்கிமுருகனின் அறைத்தோழன் பூதத்தான். அவன் எந்தப் பாடமானாலும் அர்த்தம் பார்க்காமல் மனப்பாடம் செய்துவிடுகிற ரகம்.

பாடம் என்று வந்துவிட்டால் எங்கள் பிள்ளைகளை யாரும் மிஞ்ச முடியாது. விடுதியில் காதலுக்கு நோட்ஸ் வந்தது. பூதத்தான் அறையில் உலாத்திக்கொண்டே உருப்போட்டான். "'சாப்பிட்டியா?' முக்கியமான வினா. 'உன் தலைமுடி நன்றாக இருக்கிறது', சிறுகுறிப்பு. லே இசக்கி, 'நீ இல்லாமல் நான் இல்லை' விரிவான விடையிலயா வருது?"

"பேசாமப் படுலே!" என்று தலையணையை எறிந்தான் இசக்கிமுருகன். தன் காதலியிடம் சொல்லப்போவதைத் தன் காதுபடவே மனப்பாடம் செய்கிறவனை வேறு என்ன செய்வது?

தேர்வாளராகச் சட்ட மருத்துவப் பேராசிரியர் அம்மையப்பன் நியமிக்கப்பட்டார். பிணப் பரிசோதனை செய்பவர். அவர் பரிசோதித்தவர்கள் யாரும் இதுவரை ஒரு புகாரும் சொன்னதில்லை என்பதால் முதல்வருக்கு அவர்மேல் மிகுந்த நம்பிக்கை.

கல்லூரி பஸ்ஸில் எல்லாருக்கும் இடமில்லை. எனவே பாதிப் பேருக்கு இந்த வாரம் மணிமுத்தாறு, மீதிப் பேருக்கு அடுத்த வாரம் கொற்கை. மணிமுத்தாற்றில் அருவியைக் கண்டு வியத்தலுக்குப் பத்து மதிப்பெண். ஜோடி ஜோடியாக வரிசையில் வந்து, அருவியைப் பார்த்து, "அடடா!" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். சிலர் பதற்றத்தில் அருவியைப் பார்க்காமல் தேர்வாளரைப் பார்த்து "அடடா!" என்றார்கள். அவர்களுக்குப் பாதி மதிப்பெண்.

இசக்கிமுருகன் முறை வந்தது.

"உன் துணையைப் பார்த்தால் மனதில் என்ன தோன்றுகிறது?" என்று கேட்டார் அம்மையப்பன்.

"சீக்கிரமா நல்ல மாப்பிள்ளையாப் பார்த்துக் கட்டிக்குடுத்து, சீர் செய்யணும்னு தோணுது சார்."

அம்மையப்பன் முட்டை போட்டார். ஜோடிக்குச் சேர்த்துத்தான் மதிப்பெண் என்பதால் இசக்கிச்செல்விக்கும் முட்டை. "பரவாயில்லண்ணே, மானம் தப்பிச்சுது" என்றாள் அவள், பொங்கிய அழுகையோடு.

ஆனால் அன்று மாலையே ஓர் அறிவிப்பு வந்தது. துணைத் தேர்வில் தோற்றவர்களுக்குத் துணைத் தேர்வு நடைபெறும்! இந்த வாக்கியம் எல்லா அர்த்தத்திலும் சரியாக இருந்ததால் பாலசுப்பிரமணியன் அதைத் தன் கைப்படவே எழுதியிருந்தார். அதில் ஒரு சலுகையும் இருந்தது: தோற்றவர்கள் தோற்றவர்களுக்குள் தாங்களே துணையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இசக்கிமுருகன் கணக்குப் போட்டான். அடுத்த வாரம் கொற்கையில் சித்ரலேகாவும் தோற்றால் போதும்! அவளோடு பகிரங்கமாக, அரசாங்கச் செலவில், பஸ்ஸில் பக்கத்து சீட்டிலேயே போகலாம். நூலகத்து வாசலில் அவளைப் பிடித்தான்.

"சித்ரா, எனக்காக ஒரே ஒரு தடவ ஃபெயிலாயிரு."

அவள் முகம் வெளுத்தது. "என்ன பேச்சு பேசுத முருகா? எல்கேஜில இருந்து நான் ஃபெயிலானதே இல்ல."

"அந்தப் பூதத்தான் கூடவே சுத்தப்போறியா?"

"வேற என்ன வேணும்னாலும் கேளு. கிட்னி கேளு, தாரேன்."

"கிட்னிய வச்சு நான் என்ன செய்ய? நீதான் வேணும்."

அவள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி. ஃபெயிலாவுதேன்" என்றாள். ஒரு முதல் மாணவி வேறு எவனுக்காகவும் இப்படி ஒரு தியாகம் செய்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. இசக்கிமுருகன் விடுதி வரைக்கும் குதித்துக்கொண்டே போனான்.

கொற்கையில் கடல் கண்டு களித்தலுக்குப் பத்து மதிப்பெண். கடல் அங்கேயிருந்து விலகிப்போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. தகவல் இன்னும் அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை. பூதத்தான் ஒரு வாழைத்தோட்டத்தைப் பார்த்து, "ஆகா, அலைகள்!" என்று முழு மதிப்பெண்ணையும் வாங்கிக்கொண்டான்.

அடுத்து சித்ரலேகா. "துணையைப் பற்றிச் சொல்" என்றார் அம்மையப்பன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இந்தப் பூதத்தான் எனக்குத் துணையே இல்ல சார். எனக்கு இசக்கிமுருகனைத்தான் பிடிக்கும். பாபநாசத்துல அவன் பக்கத்துல உக்காந்தா, அவன் தப்புத் தப்பா பதில் சொன்னாலும் கேட்டுக்கிட்டே இருக்கலாம்னு தோணும். பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னு வயித்தெரிச்சலா இருக்கும். அவ்வளவுதான் சார். என்னை ஃபெயிலாக்கிருங்க."

அம்மையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருஷ வேலையில் உயிருள்ள பதிலை அவர் அன்றுதான் கேட்கிறார். நோட்ஸில் எங்கேயும் இல்லாத விடை! நூற்றுக்கு நூறு போட்டு, தங்கப் பதக்கத்துக்கும் பரிந்துரை செய்தார். ஜோடிக்குச் சேர்த்துத்தான் என்பதால் பூதத்தானுக்கும் நூறு.

இசக்கிமுருகன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. தன்னைக் காதலித்ததற்குத் தன் காதலிக்கும் பூதத்தானுக்கும் நூறு, தனக்கு முட்டை. துணைத் தேர்வில் தன் ஜோடியாக எழுத அவள் இல்லை. தோற்றவர்களில் மிச்சமிருந்தது இசக்கிச்செல்வி மட்டும்தான். "மறுபடி பஸ் ஏறிருவோமாண்ணே?" என்று அவளே வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு காலையில் அதிசயம் நடந்தது. 'துணைத் தேர்வு என்பது பாடங்களில் தவறியோருக்கான மறுதேர்வே ஆகும். மாணவர்களின் ஓய்வு நேரத்தில் கல்லூரி தலையிட வேண்டியதில்லை' என்று, தங்கப் பதக்கப் பரிந்துரையைக் கண்டு திகைத்த மேலிடம் விளக்கம் அனுப்பியிருந்தது. நடந்தது அத்தனையும் ரத்து. இனி யாரும் யாரோடும் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

இசக்கிமுருகன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். கல்லூரி வாசலில் பாபநாசம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே அலுவலகத்து முன்னால் கல்லூரியே திரண்டிருந்தது. பூதத்தான் கோஷம் போட்டுக்கொண்டிருந்தான். நடுவில் சித்ரலேகா, கையில் ஒரு மனு.

"சித்ரா! எல்லாம் ரத்து. வா, பஸ் நிக்குது!"

"எப்படி வர? என் நூறு போச்சு முருகா. மெடல் போச்சு. மதிப்பெண்ணத் திரும்பக் கேட்டு எல்லாரும் கையெழுத்துப் போடுதோம்."

"மார்க்கு கிடக்கு. நீ அன்னிக்குச் சொன்னியே, அது போதாதா நமக்கு?"

"அதச் சொன்னதுக்குத்தான நூறு போட்டாங்க!" அவள் நிஜமாகவே கலங்கியிருந்தாள். "நீயும் ஒரு கையெழுத்துப் போடு."

"நான் எதுக்கு? எனக்குத்தான் முட்டையாச்சே."

"கடைசி வரிய வாசி. தோற்றவர்களுக்குக் கருணை மதிப்பெண் வழங்க வேண்டும்னு உனக்காகத்தான் சேர்த்தேன்."

இசக்கிமுருகன் வாசித்தான். வாசலில் கண்டக்டர் கடைசி விசில் ஊத, பஸ் காலியாகக் கிளம்பிப் போனது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான்.

"கருணை மதிப்பெண்ணுன்னா," என்றான், "எத்தன போடுவாங்க?"